பாதிச் சரக்கு

குளிர்பெட்டிக் கதவில் பதினாறு வாரம்,
வாரத்துக்கு ஏழு கட்டம்.
ஜனவரியில் பச்சை மையால் அடித்த கோடுகள்
நெருக்கமாக, திமிராக.
பிப்ரவரியில் இருமல்.
மார்ச்சில் ஷூர்ட் மணிக்கட்டை ஒடித்துக்கொள்ள
அவனுடைய இரவுப் பணியும் என் தலையில்.
அப்புறம் பச்சைப் பேனா எங்கே போனதென்று
யாரும் தேடவில்லை.

வெள்ளைக் கட்டங்கள்.
அதில் ஒன்றில் மகன்
'பல் டாக்டர், மூன்றரை' என்று எழுதிவைத்திருக்கிறான்.

ராட்டர்டாமில் ஒரு தூக்குப்பாலத்துக்கு நான் காவல்.
கண்ணாடிக் கூண்டு, மூன்று திரை, ஒரு நாற்காலி.
பொத்தானை அழுத்தினால்
சாலை எழுந்து நிற்கும்.
சைக்கிள்காரர்கள் முகம் சுளிப்பார்கள்,
படகு போகும்.
கூண்டிலிருந்து கழிவறைக்கு நாற்பது எட்டு.
ஒரு நாளில் நான் நடப்பது அவ்வளவுதான்.
இந்தக் கால்களோடுதான்
ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
மேலும் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர்.
அந்தச் சில்லறையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வியாழன் இரவு இடது முழங்கால் பேசத் தொடங்கியது.
வெள்ளி காலை அது ஓய,
இதுவரை நான் அறிந்திராத ஒரு தசை
குதிகாலுக்கு மேலே
தன்னை அறிமுகம் செய்துகொண்டது.
எச்சில் விழுங்கிப் பார்க்கிறேன்,
தொண்டை வலிக்காதா என்று.
ஆமாம், வலிக்காதா என்றுதான்.
காய்ச்சல் வந்தால் கௌரவமாக வீட்டில் இருக்கலாம்.
முப்பத்தாறு புள்ளி ஆறு என்கிறது வெப்பமானி,
இரக்கமே இல்லாமல்.

எண் அட்டை வாங்கும் கூடத்தில் மார்லூஸ்.
கன்னத்தில் வெயில், கெண்டைக்காலில் கல்.
"அதிகபட்சம் எவ்வளவு ஓடிப் பார்த்தாய்?"
முப்பது என்றேன்.
இருபத்துநாலு.
அதுவும் மழையில், இரண்டு தடவை நின்று,
கடைசி ஒன்றை வாயில் வாஃபிளோடு
நடந்து முடித்தது.
ஆறு கிலோமீட்டர் பொய்.
அதை யார் ஓடுவது இப்போது?

நேற்றிரவு இரண்டரை மணிக்கு
வயர்லெஸ்ஸில் ஒரு குரல் பாலம் கேட்டது.
பாசல் வரை போகும் சரக்குப்படகு.
மேலே ரைனில் தண்ணீர் இறங்கிக் கிடக்கிறது,
பாதிதான் ஏற்றியிருக்கிறேன் என்றாள் அதை ஓட்டுகிறவள்,
கடைக்குப் போய்வந்த கணக்கைச் சொல்வதுபோல.
எழுப்பினேன்.
உயரமாக மிதந்து வந்தது படகு,
எப்போதும் நீருக்குள் இருக்கும்
வயிற்றின் சிவப்புச் சாயம் தெரிய.
மெதுவாகப் போனது.
போனது.
பாலத்தை இறக்க மறந்து
பின்விளக்கையே பார்த்திருந்தேன்,
கீழே ஒரு சைக்கிள்மணி என்னைத் திட்டும்வரை.

விடிந்து வீடு வந்து
கைக்கடிகாரத்தில் 'நான்கு மணி நேரம்' என்ற இலக்கை அழித்தேன்.
ஐந்தேகால் என்று போட்டேன்.
அதையும் அழித்தேன்.

நாளை என் பாலம் எழாது.
இருபத்தைந்தாம் கிலோமீட்டர்ப் பலகை அங்கேதான்,
என் கால்கள் அறிந்த உலகம் முடிந்து
ஒன்று தள்ளி.
கட்டுப்போட்ட கையோடு ஷூர்ட் கூண்டில் இருப்பான்,
தொடுவதற்கு எதுவுமில்லாமல்.
படகுகள் இருபுறமும் காத்து நிற்கும்.
பதினோரு வருடமாக நான் பிளந்து திறக்கும்
அந்த இரும்புப் பல்வரிசையை
வியர்த்த ஜனங்களில் ஒருத்தியாய் மிதித்துக் கடப்பேன்.
அவன் காப்பிக் குவளையைத் தூக்கிக் காட்டலாம்.
எட்டிப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி இருக்கலாம்,
விதி அப்படித்தான் சொல்கிறது.
அதற்கப்பால் வரும் பதினேழைப் பற்றி
எனக்கு எந்தத் தகவலும் இல்லை.

சனி இரவு. பாஸ்தா குழைந்துவிட்டது.
ஊக்குகள் நான்கு இருக்கவேண்டும், மூன்றுதான்.
மகன் சோபாவுக்கு அடியில்
டார்ச் அடித்துத் தேடுகிறான்.
விடு என்கிறேன்.
ஒரு மூலை காற்றில் அடித்துக்கொள்ளட்டும்.
ஏதாவதொரு சத்தம் கூட வரவேண்டும்,
இருபத்தைந்துக்குப் பிறகு.