ஒற்றைக் கம்மல்

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
இருபது நிமிஷம் போச்சு.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
துறைமுகத்தில் நாள் முழுக்க கன்டெய்னர் எண்ணுகிறவளுக்கு
இது ஒரு மாதிரி ஓய்வு.
பக்கத்து பைக்கில் பால் கேனோடு நின்றவர் இன்றும் கேட்டார்:
"இன்னாம்மா, கம்மல் ஒண்ணு தொலைஞ்சிடுச்சா?"

தொலையவில்லை.
எங்கள் வீட்டில் தலைப்பிள்ளைக்கு
இடது காது குத்துவதில்லை.
பர்மா சண்டைக்குப் போன வேம்புலி சிப்பாய்
இடது காதை ரங்கூனில் விட்டுவிட்டு வந்தாராம்.
அந்த வெட்கத்தில்
குளிக்கும்போதும் முண்டாசு அவிழ்க்க மாட்டாராம்.
பென்ஷன் வாங்கி, தண்டையார்பேட்டைக்கு வடக்கே
உப்புப் பூத்த மேட்டில் கொட்டகை போட்டாராம்.
ஏழு தலைமுறை ஆயிற்று.
மேடு இப்போது ஒண்ணேகால் கிரவுண்டு, ஒரு வழக்கு.

"மூலம் வேணும்" என்றார் வக்கீல் சற்குணம்.
தம்பி தேசிங்குக்கு லீவு கிடைக்காது.
எனவே நான், எழும்பூரில்,
ஒன்பது நாள், மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு,
தொட்டால் அப்பளமாய் நொறுங்கும் தாள்களின் முன்னால்.

எழுதிய வெள்ளைக்காரக் கைக்கு வேம்புலி வரவில்லை.
வாம்பூலி, வெம்போலி,
ஓரிடத்தில் பம்பிலி.
எல்லாம் ஒரே ஆள்தானா என்று பார்க்க
அங்க அடையாளத்தை விட்டால் வேறு வழியில்லை.

படையில் சேரும்போது ஐந்தடி மூன்றங்குலம்,
முகமெல்லாம் அம்மைத் தழும்பு.
ரங்கூன் ஆஸ்பத்திரி ஏட்டில்
வாள்வெட்டு, இடது காது போயிற்று, பிறகு பேதி.
அதற்கு மேல் அவருக்கு வரி இல்லை.
செத்தார் என்றும் இல்லை.
பக்கத்தின் ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது.

ஆறு வருஷம் தள்ளி, பென்ஷன் புத்தகம்:
ஐந்தடி ஆறரை.
தழும்பு ஏதும் இல்லை.
காது இரண்டும் முழுசு.

முதலில் சிரித்துவிட்டேன்.
பர்மாச் சோறு தின்று மூன்றரை அங்குலம் வளர்ந்தாரா,
வெட்டின காது முருங்கைபோல் துளிர்த்ததா?
தாளைத் திருப்பினால் வாக்குமூலம்.
குப்பச்சி, மேற்படியான் மனைவி,
விசாரித்ததில் சொன்னது: இவர்தான்.
அவ்வளவுதான். கீழே கீறல்.
பேனா பழகாத கை அழுத்தி
மசி மறுபக்கம் இறங்கியிருக்கிறது.

யார் அவன்?
கூடாரத்தில் பக்கத்தில் படுத்தவனா,
செத்தவன் மூட்டையை ஒப்படைக்க வந்தவனா?
சேதி சொல்லி, தண்ணி வாங்கிக் குடித்தவனை
எத்தனை நாள் கழித்துக் கேட்டாள்,
நீயே அவராக இருந்துவிடு என்று?
மாசம் மூன்றரை ரூபாய். பசி இருந்திருக்கும்.
பசி மட்டும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லாத காலம்.
நல்லதாய்ப் போயிற்று அவளுக்கு.
கச்சேரியில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
இருட்டிலும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
அவன் சொந்தப் பேர்
எந்த ஏட்டிலும் ஏறாமல் அவனோடே வெந்துபோயிற்று.

ஆனால் தலைப்பிள்ளைக்குக் காது குத்தின அன்று
ஆசாரியின் கையைப் பிடித்திருக்கிறாள்,
இந்தக் காது வேண்டாம்.
எதிரே அவன் உட்கார்ந்திருந்திருப்பான்,
முண்டாசை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு.

மூன்று தாளில் இரண்டுக்கு மட்டும் நகல் வாங்கினேன்.
ஆஸ்பத்திரித் தாளைக் கட்டில் வைத்து
நூலை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

கேட்டில் நிற்கும்போது தேசிங்கு போன் செய்தான்.
"கெடச்சிதா? பேரு சரியா கீதா?"
"பேரு சரியா இருக்குடா."

நாற்பத்திரண்டு பெட்டி.
பேச்சுக்கு நடுவில்
ஒன்றை விட்டிருப்பேன்.