இசைக்கவை

ஐஸ் பெட்டிக்குள் கை வைத்தால்
இப்போது மின்சாரம்.
வாழைச்சேனைத் துறைமுகத்தில் பதினாறு வருடம்
சூரையும் அறக்குளாவும் அடுக்கிய கை இது.
ஐந்தாவது மருந்து ஏறிய கிழமை
ஒரு சோடாப் போத்தலுக்குப் பயந்தது.

பஸ் ஏறி
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது
ஒரு காலில் செருப்பில்லை.
எங்கே கழன்றதென்று காலுக்கும் தெரியவில்லை.

"விறைப்பு இருக்கா, எரிவு இருக்கா, பூரணலெட்சுமி?"
"இல்லை டொக்டர்."
பக்கத்துக் கதிரையில் மருந்தேற்றும் ஏறாவூர் ஹைறுன்
போன மாதமே சொல்லியிருந்தாள்:
"உள்ளதைச் சொன்னா மருந்தைக் குறைப்பாங்க கா.
குறைச்சா, அது திரும்பி வரும்."
வெறுங்காலை
மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்தேன்.

இசைக்கவையைத் தட்டினார்.
பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே சாமான்.
பெருவிரல் எலும்பில் வைத்து,
"அதிருதா?"
காதுக்கு வந்தது; காலுக்கு வரவில்லை.
"ஓம்."
"கண்ணை மூடுங்க. இப்ப?"
"ஓம்."
"இப்ப?"
"ஓம், நல்லா."
கண்ணைத் திறந்தேன்.
கவை மேசையில் கிடந்தது.

அவர் கோபிக்கவில்லை.
அதுதான் எனக்கு ஏலாமல் போனது.
மூன்று மாதம் அடக்கியதெல்லாம் வந்தது:
இரவில் உள்ளங்காலில் நண்டு ஓடுவது,
ஊக்குப் பூட்ட வராமல் நாள் முழுக்க நைற்றியோடு திரிவது,
அடுப்பில் சுட்ட விரலை
மணத்தால் அறிந்தது.

"குறைப்பம்" என்றார்.
"அப்ப, வருத்தமும் குறைஞ்சிட்டுதா?"
பேனை மூடியைத் திறந்தார், மூடினார்.
"இவ்வளவு ஏறினது வீணில்லை."
அந்தப் பதிலைத் தராசில்லாமல்
கையில் தூக்கிப் பார்த்தேன்.
எடை தெரியவில்லை. இந்தக் கைக்கு எது தெரியும்.

பாமசிக் கண்ணாடிக்குள் இருந்த பொடியன்
துண்டைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"இது மனசுக்குக் குடுக்கிற குளிசை அக்கா" என்றான்,
மெல்லமாக.
"நரம்புக்கும் கேட்கும்" என்றேன்,
வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.

நாலு கிழமை.
நண்டு போகவில்லை.
ஓடுவதில்லை, ஊருது.
நித்திரை இரண்டு மணித்தியாலம் கூட.

நுவரெலியாவிலிருந்து மச்சாள் அனுப்பிய கம்பளிக் கையுறை,
அதற்கு மேலே றப்பர் கையுறை,
சித்திரை வெயிலில் ஐஸ் அள்ளுகிறேன்.
"பனி கொட்டுதோ?" என்று வள்ளத்துப் பொடியன்கள்
சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.
பின்னேரம் கொடியில் அதைக் காயப்போட்டால்
கீழே இரண்டு பூனைகள்
இரவு முழுக்கக் காவல்.