பதினொன்று மாறாது

வாடை விழுவதற்குள் போய்வந்துவிட வேண்டும்.
புரட்டாசி முடிய ஒன்பது நாள்.
ஐப்பசி பிறந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுவார்கள்,
அப்புறம் மலையாவது ஒன்றாவது.

தேசிங்கு பாண்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.
அவன்தான் சொன்னான்:
கல்வராயன் மலையில், கரியாலூர் ஏரிக்கு மேலே,
யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து
இடத்தின் எண்ணை ஊருலகத்துக்கே சொல்லியிருக்கிறார்களாம்.
கண்டுபிடிப்பவன் உள்ளிருக்கும் நோட்டில் பேர் எழுதலாம்.
ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கணும்.
அவ்வளவுதான் விளையாட்டு.

"பரிசு?"
"கிடையாது."
"பின்னே எதுக்கு?"
பதிலுக்கு எண்ணை அனுப்பினான்.

மலையில் டவர் கிடைக்காதாம்.
போட்டிலிருந்து ஜிபிஎஸ்ஸைக் கழற்றி வந்தேன்.
உப்புப் பூத்த பொத்தான்களை
பழைய பல்துலக்கியால் பூங்கோதை தேய்த்துக் கொடுத்தாள்.
எண்ணை அடித்துவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வடக்கு பதினொன்று.
தேவனாம்பட்டினம் கரையும் வடக்கு பதினொன்று.
கிழக்குதான் வேறே:
எழுபத்தெட்டு.

எழுபத்தொன்பதில் கிளம்பி எண்பதைத் தாண்டிப்போய்
எழுபத்தொன்பதுக்கே திரும்பும் பெட்டி இது.
எழுபத்தெட்டை இதுவரை பார்த்ததில்லை.
வீட்டுக்குக் கொல்லைப்புறமாகவும்
பூமி போகிறது என்று
அதற்கு யாரும் சொன்னதில்லை.

டூவீலர் போதும் என்கிறேன்.
இடுப்பு போய்விடும், பஸ் என்கிறாள்.
பண்ருட்டியில் முதல் டீ.
பலா முடிந்திருக்கும்; முந்திரி கால்கிலோ வாங்கணும்,
உடைசல் போதும்.
கோமுகி அணையில் கட்டாயம் நிற்கணுமாம்:
"ஏரி மீனை என்ன விலை சொல்றாங்கன்னு பாக்கணும்."
நாற்பது ரூபாய்க் கவளைக்கு
நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவள்
விலை கேட்டுவிட்டு வாங்காமல் நடக்கும் சுகத்துக்காக
நூறு மைல் வருகிறாள்.

ராத்திரி தங்குவதா வேண்டாமா
என்பதில்தான் மூன்று நாள் போனது.
அலைச் சத்தமில்லாமல் அவள் தூங்கியதே இல்லை,
பிரசவத்துக்கு ஜிஎச்சில் கிடந்த நாலு நாள் தவிர.
கடைசியில் அவளே சொன்னாள்:
"அருவிப் பக்கமா ரூம் கேளு."

டப்பாவில் எதை வைப்பது?
கருவாடு வைத்தால் நரி தூக்கிப்போகும்.
சோழி, எல்லாரும் வைப்பது.
வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டை அறுத்துவைத்தேன்.
அதுவும் போதவில்லை.

கரையிலிருந்து பதினேழு பாகத்தில் ஒரு பார் இருக்கிறது.
சங்கரா அங்கே கல்யாண வீடு மாதிரிக் கூடும்.
ஜிபிஎஸ்ஸில் அதற்கு 'டீசல்' என்று பேர் வைத்திருக்கிறேன்,
யாராவது எட்டிப்பார்த்தாலும் தெரியக்கூடாதென்று.
தூரத்தில் வேறு போட்டு தெரிந்தால்
எஞ்சினை அணைத்துவிட்டு
வலையில் சிக்கெடுப்பதுபோல் நடிப்பேன்.

முகம் தெரியாத எவனோ
தன் இடத்தைச் சும்மா கொடுத்திருக்கிறான்.
அது ரெண்டு ராத்திரியாக உறுத்துகிறது.

நேற்று கரண்ட் போன நேரம்
ஐஸ் கம்பெனி பில்லின் முதுகில்
'டீசல்' எண்ணை எழுதினேன்,
வடக்கும் கிழக்கும், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கமும்.
மடித்துப் பாலித்தீனில் சுற்றி
ஈயக்குண்டோடு கட்டினேன்.
அவ்வளவு உயரம் ஏறிவருகிறவன்
வலையோடா வரப்போகிறான்?

மெழுகுவத்தியோடு வந்த பூங்கோதை
பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"மலைமேல யாரோ ஒருத்தனுக்கு எழுதுவே.
அஞ்சாப்புலி உன் கூடப் பொறந்தவன்,
ரெண்டு மாசமா வெறும் வலையோட வரான்."

கரண்ட் வந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பின்சக்கரத்துக்குக் காற்றடிக்கணும்,
பஸ்ஸா வண்டியா
இன்னும் முடிவாகவில்லை.