வலது பக்கம்

பல்லடம் ரோட்டில் நூல் வண்டியொன்று
பின்னால் வந்து கொஞ்சிவிட்டுப் போனதில்
என் ஆம்னிக்கு வலக்கண் போச்சு.

உக்கடத்தில் நவ்ஷாத் கடை.
"எந்த வருசமுங்க?"
"ரெண்டாயிரத்து நாலு."
"அப்ப மூணு ஓட்டை. நாலு ஓட்டை சேராதுங்க."
சாக்கைக் கவிழ்த்தார்.
எல்லாமே இடது.
இந்த ஜில்லாவில் அத்தனை பேரும்
வலப்பக்கமேதான் இடிபடுகிறார்களோ என்னவோ.

கடைசியில், அடியில், ஒன்று:
வெயிலில் வெளுத்த சிவப்பு,
உள்ளே ஒரு செத்த ஈசல்,
மூலையில் யாரோ ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு.
பேட்டரியில் வயரைத் தொட்டார்.
ஈசலும் சேர்ந்து எரிந்தது.
முந்நூற்றைம்பது என்றார்,
இருநூற்றெண்பதுக்கு இறங்கினார்,
ஸ்க்ரூ இனாம்.

ராத்திரி
பூட்டிக் கிடந்த சாயப்பட்டறைச் சுவர்வரை ரிவர்ஸில் போய்
பிரேக்கை மிதித்தபடி திரும்பிப் பார்த்தேன்.
சுவரில் இரண்டு சிவப்பு.
ஒன்று பழுத்த மிளகாய்,
ஒன்று செங்காய்த் தக்காளி.
இருக்கட்டும்.
நானா பார்க்கப் போகிறேன்,
பின்னால் வருகிறவர் பார்க்க வாங்கியது.

சூலூர்ப் பிரிவில்
பின்னால் வந்த முட்டை வண்டிக்காரர்
பக்கத்தில் ஒட்டி வந்து கத்தினார்:
"ஏனுங், பிரேக் லைட்டு ஜோரா எரியுது.
இண்டிகேட்டரத்தான் காணோம்!"