கடைமடை

காலை ஆறு. வெயில் ஏறிவிட்டால்
என் கால் என் பேச்சைக் கேட்காது.
மன்னார்குடி பிசியோ அறையில்
ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கிறேன்.

"கட்டைவிரலைத் தூக்குங்க" என்கிறார் மெஹ்ருன்னிசா.
தூக்கிவிட்டேன், தலைக்குள்.
விரலுக்கு இன்னும் சேதி போகவில்லை.

பதினொரு வருஷம் மதகு திறந்த லஸ்கர் நான்.
மேட்டூரில் விட்ட தண்ணி
தலைஞாயிறுக்கு எப்போ வரும் என்று
கரையில் நின்று கத்தியவர்களிடம்
"வரும்யா, வழியில உடைப்பு" என்றிருக்கிறேன்
பீடியை அணைக்காமலே.

பத்து எண்ணச் சொன்னார்.
ஆறில் உட்கார்ந்துவிட்டேன்.
"போதும். மிச்சம் வைங்க,
நாளைக்கும் கால் வேணும்ல?"

செருப்பு மாட்டும்போது
யாரும் கேட்காமல்
கட்டைவிரல் அசைகிறது.
ஆறாவதா, ஏழாவதா,
எண்ண ஆளில்லை.