கடக்கும் நேரம்

தோஹாவிலிருந்து ஜகார்த்தா
ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்,
எட்டே முக்கால் மணி நேரம்.

"சாப்பாட்டுத் தட்டெல்லாம் ஏத்திட்டேன் மீராள்,
மூணேகாலுக்கு நம்ம ஊரைத் தாண்டும்"
என்று மச்சான் அனுப்பியிருந்தார்.

கீழக்கரை மொட்டைமாடியில்
நண்டு வாடையோடு காற்று.
கைப்பேசியின் மஞ்சள் விமானம்
ஜெட்டியைத் தொட்டு
அப்பா தீவை மிதித்துப் போயேவிட்டது.
அண்ணாந்தால்
சிவப்பாய் ஒரு புள்ளி,
நாற்பது நொடி இருக்கும்.

உள்ளே யாரோ
மச்சான் அடுக்கிய தட்டைப் பிரித்து
பாதி தின்று மூடியிருப்பார்கள்.

அவர் வந்து சேரும் நேரத்தையும்
போட்டுப் பார்த்தேன்:
மதுரை வரை வானத்தில் ஐந்து மணி,
பிறகு வேனில் மூன்று.
முதலாளி லீவு தரும் நாளை நிரப்பத்தான்
செயலியில் கட்டம் இல்லை.

இறங்கிப் போய்
சஹருக்கு உலை வைத்தேன்,
ஒரு ஆளுக்கு.