பூஜ்யம் புள்ளி நான்கு

சாரெமா தீவின் தென்கரையில் கடல் உப்புக் கம்மி.
லிட்டருக்கு ஆறு கிராம்.
உருளைக்கிழங்கு அவிக்கக்கூடப் போதாது
என்பார் மீன்பிடிக்கும் ஊர்மஸ்.
அவர் வலையில் ஒட்டிய பாசியை உதறினால்
வாளிக்குள் துள்ளும், விரல்நகம் அளவில்
முதுகு வளைந்த நூறு உயிர்கள்.
தெள்ளு நண்டு என்பது இங்கே அவற்றின் பெயர்.

இரண்டு இனம்.
ஒன்று பனி உருகிய காலம்தொட்டு
இந்தப் பாசியையே நம்பி இருக்கிறது.
மற்றது கப்பல் வயிற்றுத் தண்ணீரில்
அட்லாண்டிக் தாண்டி வந்தது; உடம்பெல்லாம் வரி,
எதையும் தின்னும், எந்தச் சூட்டையும் தாங்கும்.

என் வேலை தொட்டியில் இல்லை, திரையில்.
இனத்துக்கு ஒரு சமன்பாடு.
பெருகும் வேகம், இடத்தின் கொள்ளளவு,
அப்புறம்
ஒருவர் இருப்பதால் மற்றவருக்கு எவ்வளவு கேடு
என்பதற்கு ஓர் எண்.
அதை ஆல்ஃபா என்போம்.
(என் வீட்டுக்கும் ஒன்று போட்டுப் பார்த்தேன் ஒருமுறை.
முடிவைச் சேமிக்கவில்லை.)

பன்னிரண்டு டிகிரியில் இரண்டும் பிழைத்தன.
பதினெட்டில் ஏதோ சமாளித்தன.
போன ஜூலையின் வெப்ப அலையை உள்ளே விட்டேன்:
இருபத்து நாலு டிகிரி, ஆக்சிஜன் பாதி.
நீலக் கோடு சரிந்துகொண்டே போய்
நாற்பத்தொன்றாம் நாளில் நின்ற இடம்
பூஜ்யம் புள்ளி நான்கு.

ஐவே சிரித்தாள்.
"புள்ளி நாலு நண்டை எந்த இடுக்கியால் பிடிப்பேன்?
தலை வருமா, வால் வருமா?"
ஒன்றுக்குக் கீழே போனால்
அழிவு என்று வாசிக்க வேண்டும் என்றேன்.
அவள் அதற்குள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
தொட்டி அறைக்குப் போய்விட்டாள்.

தினமும் எண்ணுகிறவள் அவள்.
செத்ததைப் பொறுக்குவாள். சில நாள்
பொறுக்க ஒரு கால் மட்டும் கிடக்கும்.
ஓடு கழற்றிய இரவில், புது ஓடு இறுகுமுன்,
பக்கத்தில் இருப்பவர் தின்று தீர்த்துவிடுவார்.

நாற்பத்தொன்று வந்தது.
ஏழாம் தொட்டி: வரிக்காரர் ஐம்பத்தெட்டு,
பழையவர் ஒன்று.
நாற்பத்தைந்திலும் ஒன்று.
ஐம்பதிலும்.
ஐம்பத்திரண்டாம் நாள் படியில் நின்று கூப்பிட்டாள்,
"கீழே வந்து பாரேன்."

லென்ஸுக்கு அடியில்
வரிபோட்ட ஆண் ஒன்று
அந்த ஒருத்தியை வயிற்றோடு அணைத்தபடி
நீந்திக்கொண்டிருந்தது.
ஓடு கழற்றும் நேரத்துக்குக் காத்திருந்து
நாட்கணக்கில் பெண்ணை இப்படிச் சுமப்பது
இவற்றின் வழக்கம்தான்.
தன் இனத்துப் பெண்ணை.
இதில் குஞ்சு வராது.
ஆனால் அந்த அணைப்புக்குள் கைநீட்டி
அவளைத் தின்ன யாரும் வரவுமில்லை.

"இது உன் ஆல்ஃபாவில் எங்கே?
கூட்டலா, கழித்தலா?"

நான் பதில் சொல்லுமுன்
தொட்டியின் ஈர விளிம்பில் நோட்டை வைத்து
ஒரு கட்டத்தில் ஐம்பத்தெட்டு,
மறு கட்டத்தில் ஒன்று எழுதினாள்.
இரண்டுக்கும் நடுவே பென்சிலால்
சின்னதாக ஒரு வளைகோடு.

மாலையில் கணினியில் ஏற்றினேன்.
எண்கள் வந்தன. கோட்டுக்கு விசை இல்லை.

ஊர்மஸ் போனில் கேட்டார், நாளைக்கும் பாசி வேண்டுமா என்று.
வேண்டும், வரி இல்லாதவையாகப் பார்த்து, என்றேன்.
"அதெல்லாம் எனக்குப் பிரிக்கத் தெரியாதப்பா,
தண்ணீர் சூடாக இருக்கிறது,
எல்லாமே துள்ளுகிறது" என்றார்.